தொலைவழி சுகாதார ஆய்வில் வந்து சேர்ந்தவர்களை வைத்து "மும்பை மக்கள்" என்று எழுதலாமா?

ஆன்டாப்ஹில்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மும்பையில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பு படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் இரத்த அழுத்தம் பற்றி முழுக்க முழுக்கத் தொலைவழியில் ஓர் ஆய்வு நடத்தி வருகிறேன். பங்கேற்க விரும்புபவர் வாட்ஸ்அப்பில் வரும் லிங்கைத் திறந்து, வினாப்படிவத்தை நிரப்பி, ஓ.டி.பி. மூலம் ஒப்புதல் அளித்தால், பி.பி. பார்க்கும் கருவி ஒன்று கூரியரில் அவர் வீட்டுக்குச் செல்லும். இரண்டு வாரங்களுக்குக் காலையிலும் மாலையிலும் அளந்து, வரும் எண்களைச் செயலியில் பதிய வேண்டும். நான் யாரையும் நேரில் சந்திப்பதில்லை.

சென்ற வாரம் பங்கேற்பாளர்களின் பின்கோடுகளை வரைபடத்தில் குறித்துப் பார்த்தபோது மனம் கலங்கிவிட்டது. பவாய், முலுண்ட், அந்தேரி மேற்கு ஆகிய இடங்களில் புள்ளிகள் நெருக்கமாக விழுந்திருந்தன. தாராவியிலும் கோவண்டியிலும் மான்குர்டிலும் விரல்விட்டு எண்ணிவிடலாம். எங்கள் வீடு இருக்கும் 400037-இலிருந்து சேர்ந்தவர்களும் அரசுக் குடியிருப்பிலோ புதிதாக எழும்பிய கோபுரக் கட்டடங்களிலோ வசிப்பவர்களாகவே இருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் குடிசை வரிசையிலிருந்து ஒருவர்கூட இல்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் நானே பேசினேன். அவருக்குத் தலைசுற்றல் அடிக்கடி வரும். அளந்து பார்த்துக்கொள்ள ஆசையும் இருந்தது. ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்ஃபோன் அவர் கணவருடையது. கணவர் பாண்டுப்பில் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். ஃபோனும் அவரோடு போய்விடுகிறது. நான் பதிவு செய்ய முயன்றபோது ஓ.டி.பி. அவருக்குப் போனது. அவர் உடனே மனைவியின் சாதா ஃபோனுக்கு அழைத்து, "யாருக்கு நம்பர் கொடுத்தாய், பேங்கில் இருந்து பணம் போய்விடப் போகிறது" என்று பதறினார். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுங்கம்மா, எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். என் கணக்கில் அவர் "ஒப்புதல் நிலையில் நின்றுவிட்டவர்" என்ற ஒரு வரியாக இருக்கிறார்.

என் வழிகாட்டி, எண்ணிக்கை இன்னும் கூடினால் இந்தக் கோணல் தானாகச் சரியாகிவிடும் என்றும், அப்படியும் சரியாகாவிட்டால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து எடையிட்டுக்கொள்ளலாம், அதாவது குறைவாக வந்த பிரிவினரின் பதில்களுக்கு மக்கள்தொகையில் அவர்களுக்கு உள்ள பங்குக்கு ஏற்பக் கூடுதல் மதிப்புக் கொடுத்துக் கணக்கிடலாம் என்றும் சொல்கிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவர் வாதம். என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் அவரிடம் எடுத்துச் சொல்லப் போதுமான காரணங்களும் என்னிடம் இல்லை. இந்தத் தரவை வைத்து "மும்பை மக்களில் இத்தனை சதவீதத்தினருக்கு உயர் இரத்த அழுத்தம்" என்று எழுதுவது நேர்மையாகுமா? எடையிடல் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


செம்பூர்_கணக்காளன் எழுதியது:

நீங்கள் தயங்குவது சரியான இடத்தில்தான், அம்மா. நான் ஓய்வுபெற்ற புள்ளியியல் பணியாளன். கணக்கெடுப்புகளோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எண்ணிக்கை கூடும்போது குறைவது தற்செயலால் நேரும் பிழை மட்டுமே. யார் உள்ளே வருகிறார், யார் வாசலிலேயே நின்றுவிடுகிறார் என்பதில் இருக்கும் சாய்வு, நூறு பேரைச் சேர்த்தாலும் லட்சம் பேரைச் சேர்த்தாலும் அப்படியே நிற்கும். அதோடு ஓர் ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது: எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் பிழை வரம்பு மிகக் குறுகலாகத் தெரியும், தவறான விடையை ஐயமே இல்லாமல் அறிவித்துவிடுவோம். உங்கள் வழிகாட்டி சொன்ன பழமொழியை நானும் வகுப்புகளில் சொன்னதுண்டு. ஒரே உலையில் ஒரே அரிசி வெந்தால்தான் அது பொருந்தும். இந்த நகரத்தில் எத்தனை அடுப்புகள், எத்தனை பானைகள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பழைய உதாரணம் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். ஒரு பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவர் பெருவெற்றி பெற்றார். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டதும், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் அனுப்பாதவர்களிலிருந்து வேறுபட்டிருந்ததும் சேர்ந்து செய்த வேலை அது. இதை எல்லாப் பாடநூலும் சொல்லும். அந்தக் காலத்தோடு முடிந்துபோன கதை என்று மாணவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் துறையிலேயே அண்மையில் நடந்தது ஒன்று உண்டு. 2021-இல் அமெரிக்காவில் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் எத்தனை பேர் என்பதை ஃபேஸ்புக் பயனர்கள் வழியாக ஒரு பெரிய ஆய்வு கேட்டுவந்தது. வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் பதில் அளித்தார்கள். வயது, பாலினம் எல்லாம் பார்த்து எடையும் இட்டார்கள். அப்படியிருந்தும் அந்த ஆண்டு மே மாதத்தில் அதன் மதிப்பீடு அரசின் தடுப்பூசிப் பதிவேட்டைவிட 17 சதவீதப் புள்ளிகள் மிகையாக இருந்தது. அதே காலத்தில் ஒவ்வொரு முறையும் சுமார் 1,000 பேரை மட்டும் கேட்ட வேறொரு இணையவழி ஆய்வு உண்மைக்கு மிக நெருங்கி நின்றது. அந்தச் சிறிய ஆய்வு தன் ஆட்களை முகவரிப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, இணையம் இல்லாத வீடுகளுக்கு டேப்லெட்டும் இணைய இணைப்பும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு இறுதியில் நேச்சர் இதழில் இதை அலசிய கட்டுரை, ஏப்ரல் மாதத்தில் அந்த இரண்டரை லட்சம் பதில்கள் தந்த தகவல், முறையாகக் குலுக்கி எடுத்த பத்துப் பேரின் தகவலுக்குமேல் பெறாது என்று கணக்கிட்டுக் காட்டியது. அந்தக் கட்டுரையை உங்கள் வழிகாட்டியின் மேசையில் வையுங்கள். நீங்கள் வாதாடத் தேவையே இருக்காது.

இனி எடையிடல். நம் ஊர்க் கணக்கிலேயே பார்ப்போம். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் நிதி ஆயோக், மாநகராட்சி, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து இரத்தத்தில் நோய் எதிர்ப்புப்பொருள் இருக்கிறதா என்று பார்த்த ஆய்வில், குடிசைப்பகுதிகளில் சுமார் 57 சதவீதத்தினரிடமும் மற்ற பகுதிகளில் சுமார் 16 சதவீதத்தினரிடமும் கோவிட் தொற்று வந்துபோன தடயம் இருந்தது. அந்த மூன்றில் ஒன்று எஃப் வடக்கு, அதாவது உங்கள் ஆன்டாப் ஹில்லும் மாட்டுங்காவும் அடங்கிய வார்டு. ஒரே வார்டுக்குள், நடந்து போகும் தூரத்தில், இரண்டு வேறு ஊர்கள். 2011 கணக்கெடுப்பின்படி நகர மக்களில் பத்தில் நான்கு பேருக்குச் சற்று மேல் குடிசைப்பகுதிகளில் வாழ்ந்தார்கள். அந்த 57-ஐயும் 16-ஐயும் விளக்கத்துக்காக நகரம் முழுவதற்கும் பொருத்தி, 42-க்கு 58 என்று எடையிட்டால் மொத்தம் 33 சதவீதம் வரும். இதையே உங்களைப் போல லிங்க் அனுப்பி நடத்தி, வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே குடிசைப்பகுதியினராக இருந்திருந்தால், எடையிடாத விடை 18. பாதிதான்.

"அப்படியானால் எடையிட்டால் 33 கிடைத்துவிடுமே" என்று கேட்பீர்கள். வந்த அந்த ஐந்து பேரும், வராத மற்றவர்களைப் போன்றவர்களாகவே இருந்தால் கிடைக்கும். அந்த "இருந்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சொந்த ஸ்மார்ட்ஃபோன், ஆங்கிலமோ இந்தியோ படிக்கும் பழக்கம், கூரியர் வந்து சேரும் முகவரி, பகலில் வீட்டில் இருக்கும் ஓர் ஆள் ஆகிய நான்கும் உள்ள குடிசைவாசி, அவை இல்லாத அடுத்த வீட்டுக்காரரிலிருந்து உடல்நலத்திலும் வேறுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கணக்கெடுப்பில் இருக்கும் வயது, பாலினம், பகுதி ஆகியவற்றை வைத்துத்தான் எடையிட முடியும். தன் உடம்பைப் பற்றிய அக்கறை, கணவர் அனுமதிப்பாரா என்பது, இரவு வேலை ஆகியவற்றுக்குக் கணக்கெடுப்பில் பத்தி கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிகச் சிலரை வைத்து மிகப் பெரிய பகுதியை நிரப்பினால், அவர்கள் ஒவ்வொருவர் தலையிலும் பெரிய எடை ஏறும். அவர்களில் ஒருவர் கைப்பட்டையைத் தளர்வாகக் கட்டி அளந்தால்கூட நகரத்தின் சதவீதம் அசையும். ஆகவே எடையிடுங்கள், ஆனால் எடையிடாத விடையையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.


தொண்ணூறடிச்சாலை எழுதியது:

தங்கச்சி, உங்கள் வீட்டு அக்காவைப் பற்றிப் படித்தவுடன் எழுதத் தோன்றியது. தாராவியில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வீடு வீடாகப் போய்ச் சுகாதாரக் கணக்கு எடுக்கும் பணியில் இருக்கிறேன். ஐயா எண்களில் சொன்னதை நான் வாசற்படியில் பார்த்திருக்கிறேன்.

ஆய்வாளர்கள் வீட்டில் ஃபோன் இருக்கிறதா என்று கேட்டு, "இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். அது யாருடைய ஃபோன், எத்தனை மணிக்கு யார் கையில் இருக்கும் என்று கேட்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் ஏறத்தாழ 54 சதவீதம்தான். ஒருமுறையாவது இணையத்தைப் பயன்படுத்தியிருந்தவர்கள் பெண்களில் 33 சதவீதம், ஆண்களில் 57 சதவீதம். நகரங்களை மட்டும் எடுத்தாலும் பெண்கள் 52, ஆண்கள் 73 என்ற அளவில் இடைவெளி இருந்தது. அதற்குப் பிறகு ஃபோன்கள் பெருகியிருக்கின்றன, நானே பார்க்கிறேன். ஆனால் பெருகிய ஃபோன் முதலில் மகனுக்குப் போகிறது, பிறகு மகளின் படிப்புக்குப் போகிறது, அம்மாவுக்குக் கடைசியில் வருகிறது. அப்போது அதன் திரை உடைந்திருக்கும், புதிய செயலி ஏற அதில் இடம் இருக்காது.

அளக்கும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் இட்லி அவித்து விற்கும் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் ஏழு மணிக்குத்தான் கடைசி ஈடு இறங்கும். மகன் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் போன பிறகுதான் அவர் முகம் கழுவுவார். ஒரு சமயம் இதேபோன்ற தொலைவழி ஆய்வொன்றில் அவரைச் சேர்த்துவிட்டேன். காலை ஆறு மணிக்குச் செயலி ஒலி எழுப்பும். ஐந்து நிமிடம் ஓய்வாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து, கையை இதய மட்டத்தில் வைத்து அளக்கவேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு படம் வரும். பத்துக்குப் பத்து அறையில் நாற்காலி கிடையாது. அவர் அடுப்புக்குப் பக்கத்தில், சம்மணமிட்டு, வியர்வை வழிய, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அளந்தார். வந்த எண்ணைப் பார்த்துப் பயந்துபோய் என்னிடம் ஓடிவந்தார். ஓய்வெடுக்க வைத்து நான் மறுபடி அளந்தபோது குறைவாகத்தான் இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவர் கருவியைத் தொடவில்லை. அந்த ஆய்வின் ஏட்டில் அவர் "இடையில் விலகியவர்". உள்ளே வந்துவிட்ட ஏழைகளின் எண்களையும் பணக்காரர்களின் எண்களையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று இதையும் சேர்த்து யோசியுங்கள்.

பயமும் ஒரு காரணம். தாராவியில் மறுமேம்பாட்டுக்காக 2024 மார்ச்சிலிருந்து வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்ததால், தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறும் தகுதிக்காக, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதற்கான காகிதம் யாரிடம் உண்டு, யாரிடம் இல்லை என்ற கவலை ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. அந்தச் சூழலில் ஒரு படிவம், "உங்கள் வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறீர்கள்" என்று கேட்டால் அது உடம்பைப் பற்றிய கேள்வியாக அவர்கள் காதில் விழாது. தெரிந்த முகம் ஒன்று வாசலில் உட்கார்ந்து விளக்கினால் பதில் வருகிறது. லிங்க்குக்கு முகம் இல்லை.

அதற்காக நேரில் போவதே நிறைவான வழி என்று நான் சொல்லமாட்டேன். பெரிய சொசைட்டிகளின் கேட்டில் எங்களை எத்தனையோ முறை வாட்ச்மேன் நிறுத்தியிருக்கிறார். செக்ரெட்டரியின் கடிதம் இல்லாமல் லிஃப்ட்டில் ஏற முடியாது. ஏறினாலும் வீட்டு வேலைக்காரர்தான் கதவைத் திறப்பார். அங்கே உங்கள் லிங்க் போகும் இடத்துக்கு என் கால்கள் போகாது.


முலுண்ட்_வாசகன் எழுதியது:

நீங்கள் சொல்லும் நெருக்கமான புள்ளிகளில் ஒன்றாக நானும் இருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். இதுபோன்ற ஆய்வுகள் இரண்டில் சேர்ந்திருக்கிறேன். என் அப்பா ஐம்பத்தாறு வயதில் பக்கவாதத்தில் போனார். அன்றிலிருந்து உடம்பைப் பற்றிய எந்த ஆய்வு கண்ணில் பட்டாலும் பெயர் கொடுத்துவிடுகிறேன். லிங்க்கை எங்கள் கட்டடத்தின் குழுவில் போட்டபோது சேர்ந்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்: காலையில் என்னோடு நடைப்பயிற்சிக்கு வருபவர்கள், ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள், இலவசமாகக் கருவி கிடைக்கிறதே என்று பெற்றோருக்காக வாங்கியவர்கள். புகைபிடிக்கும் என் மைத்துனர், "எதற்கு வம்பு, தெரியாமல் இருப்பதே நிம்மதி" என்று ஒதுங்கிவிட்டார். எங்கள் கட்டடத்தில் எல்லோரிடமும் நல்ல ஃபோன் இருக்கிறது. ஆகவே வசதி உள்ள பகுதிகளில் கிடைத்த எண்களாவது சரியாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம்.


கிங்சர்க்கிள்_மருத்துவர் எழுதியது:

முலுண்ட் நண்பர் சொன்னது மிக முக்கியமானது. தாமாக முன்வருபவர்களில் இரண்டு வகையினர் கலந்திருக்கிறார்கள். தன் உடம்பை நன்றாகப் பேணுபவர் ஒரு வகை. நோய் இருக்குமோ என்ற கவலையில் வருபவர் மற்றொரு வகை. முதல் வகை விகிதத்தைக் கீழே இழுக்கும், இரண்டாவது மேலே இழுக்கும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை; எது எந்த அளவுக்கு இழுத்தது என்பது தரவுக்குள் தெரியவும் தெரியாது.

பிரிட்டனில் தன்னார்வலர்களின் உடல்நலத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனிக்கும் யுகே பயோபேங்க் ஆய்வு 2006 முதல் 2010 வரை சுமார் 92 லட்சம் பேருக்கு அழைப்பு அனுப்பி, ஐந்து லட்சம் பேரைச் சேர்த்தது. அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் ஐந்தரை சதவீதம். வந்தவர்கள் பொதுமக்களைவிடக் குறைவாகப் புகைபிடித்தார்கள், உடற்பருமன் குறைவாக இருந்தது, வசதி குறைந்த பகுதிகளில் வாழ்பவர்கள் குறைவாக இருந்தார்கள். 70 முதல் 74 வயதுக்குள் அவர்களுடைய இறப்பு விகிதம், அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்டபோது, ஆண்களில் ஏறத்தாழ 46 சதவீதமும் பெண்களில் ஏறத்தாழ 56 சதவீதமும் குறைவாக இருந்தது. அரசு மருத்துவச் சேவையில் அனைவரின் பெயரும் பதிவாகியிருக்கும் ஒரு நாட்டிலேயே நிலைமை இப்படி.

இருந்தாலும் உங்கள் ஆய்வு வீண் என்று நீங்கள் மனம் தளரக் கூடாது. கேள்வி என்ன என்பதைப் பொறுத்தே பிரதிநிதித்துவம் எவ்வளவு தேவை என்பது அமையும். 1951-இல் டால், ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டனின் மருத்துவர்களுக்கு அஞ்சலில் வினாப்படிவம் அனுப்பினார்கள். சுமார் 40,000 பேர் பதில் எழுதினார்கள். உங்கள் ஆய்வைப் போலவே அதுவும் தொலைவழி ஆய்வுதான், அஞ்சல் பெட்டி வழியாக நடந்தது. மருத்துவர்கள் பிரிட்டன் மக்களின் பிரதிநிதிகள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் புகைபிடிப்பவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் இடையே நுரையீரல் புற்றுநோய் இறப்பில் இருந்த பெரும் வேறுபாட்டை அந்த ஆய்வு நிலைநாட்டியது. ஒரே குழுவுக்குள் ஒரு காரணத்தையும் அதன் விளைவையும் ஒப்பிடுவது ஒரு வேலை, நகரத்தில் எத்தனை பேருக்கு நோய் என்று எண்ணுவது வேறொரு வேலை. உங்கள் தரவு முதல் வேலைக்கு ஓரளவு உதவும். இரண்டாவதற்கு இப்போதுள்ள நிலையில் உதவாது.

முதல் வேலையிலும் ஒரு பொறி இருக்கிறது. சேர்வதற்கே ஒருவருக்கு உடல்நல அக்கறையோ நோயோ காரணமாக இருந்தால், அந்த இரண்டுக்கும் இடையே நிஜத்தில் இல்லாத உறவு உங்கள் தரவுக்குள் முளைக்கலாம். சேர்ந்தவர்களில் நடைப்பயிற்சி செய்யாதவர் பெரும்பாலும் ஏற்கெனவே நோய் உள்ளவராகவே இருப்பார், ஏனென்றால் நடைப்பயிற்சியும் இல்லாத, நோயும் இல்லாத மனிதருக்கு உங்கள் லிங்க்கைத் திறக்கவே தோன்றாது. நடைப்பயிற்சி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அளவை நீங்கள் மிகையாகக் கணித்துவிட வாய்ப்பு உண்டு.

விலகுபவர்களைப் பற்றி ஒரு தகவல். அமெரிக்காவில் ஸ்மார்ட்ஃபோன் வழியாக நடந்த எட்டு சுகாதார ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களின் தரவோடு ஒன்றாக வைத்து 2020-இல் அலசினார்கள். பங்கேற்பாளர்கள் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு ஐந்தரை நாள்தான், அதாவது பாதிப் பேர் அதற்குள்ளேயே விலகிவிட்டார்கள். மருத்துவர் பரிந்துரைத்துச் சேர்ந்தவர்களும், நேரத்துக்கு ஈடாகத் தொகை பெற்றவர்களும் கூடுதல் நாள்கள் நீடித்தார்கள். நீங்கள் இரண்டு வாரம் கேட்கிறீர்கள். முதல் நாள் யார் இருந்தார்கள், பதினான்காம் நாள் யார் மிஞ்சினார்கள் என்ற இரண்டு அட்டவணைகளும் உங்கள் ஆய்வேட்டில் இருக்கட்டும்.


ஆன்டாப்ஹில்_மாணவி எழுதியது:

ஐயா, அக்கா, டாக்டர், முலுண்ட் அண்ணா, உங்கள் அனைவருக்கும் என் நன்றி. இட்லி அவிக்கும் அம்மாவைப் பற்றிப் படித்த பிறகு என் தரவை மறுபடி திறந்து, காலை அளவுகளில் செயலி சொன்ன நேரத்துக்கும் பதிவு செய்த நேரத்துக்கும் இடைவெளி யாருக்கெல்லாம் அதிகம் என்று பார்த்தேன். இதுவரை அவர்களை "ஒழுங்கின்றிப் பதிந்தவர்கள்" என்று பெயரிட்டு நீக்குவதாக இருந்தேன். தொழில் என்ற பத்தியோடு சேர்த்துப் பார்த்தால் அவர்களில் பலர் ஷிஃப்ட் முறையில் வேலை செய்பவர்கள். நீக்கியிருந்தால், தப்பித் தவறி உள்ளே வந்தவர்களையும் நானே வெளியே அனுப்பியிருப்பேன். அவர்கள் அளவுகளை வைத்துக்கொள்கிறேன். நேரத்தைத் தனியாகக் குறிக்கிறேன்.

தலைப்பில் "மும்பை மக்கள்" என்பதை எடுத்துவிடச் சம்மதமா என்று வழிகாட்டியிடம் கேட்டேன். ஐயா சொன்ன கட்டுரையைப் படித்துவிட்டு அவரே சம்மதித்தார். ஆனால் எனக்கு அது மட்டும் போதவில்லை. "வராதவர்களைப் பற்றி எங்களால் சொல்ல இயலாது" என்று வரம்புகள் பகுதியில் ஒரு வரி எழுதிவிட்டு, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருப்பவர்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கைவசம் இன்னும் நான்கு மாதங்களும் முப்பது கருவிகளும் இருக்கின்றன. இவற்றை வைத்து உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?


செம்பூர்_கணக்காளன் எழுதியது:

முடியும், அம்மா. இதே சிக்கலுக்கு ஹான்சன், ஹர்விட்ஸ் என்ற இரு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் 1946-இலேயே வழி சொன்னார்கள். முதலில் செலவு குறைந்த அஞ்சலில் எல்லோரையும் கேள். பதில் அளிக்காதவர்களில் ஒரு சிறு பகுதியைக் குலுக்கல் முறையில் எடு. அவர்களிடம் மட்டும் நேரில் ஆளை அனுப்பிக் கேள். அந்தச் சிறு பகுதிக்கு உரிய எடையைக் கொடுத்து இரண்டையும் இணை. எல்லோரையும் நேரில் தேடிப்போகும் செலவும் இல்லை, வராதவர்களை மறந்துவிடும் பிழையும் இல்லை.

உங்கள் நிலையில் வராதவர்கள் இரு வகை. லிங்க்கைத் திறந்து பாதியில் நின்றவர்கள் ஒரு வகை. அவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறது. லிங்க்கையே பார்க்காதவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்குப் பட்டியல் கிடையாது. முதல் வகையில் பதினைந்து பேரைக் குலுக்கி எடுங்கள். இரண்டாவது வகைக்கு, உங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வரிசைகளிலும் தாராவியில் ஓரிரு சந்துகளிலும் வீடுகளை நீங்களே நடந்து எண்ணி, கையால் வரைபடம் போட்டு, இத்தனை வீட்டுக்கு ஒரு வீடு என்று பதினைந்து எடுங்கள். கதவு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வேறொரு நாள், வேறொரு நேரத்தில் திரும்பிப் போங்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்தான் வேலைக்குப் போயிருப்பவர்.

முப்பது பேரை வைத்து நகரத்தின் விகிதத்தைத் திருத்த முடியாது. ஆனால் வந்தவர்களும் வராதவர்களும் எந்தத் திசையில், ஏறத்தாழ எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்று சொல்ல முடியும். உங்கள் அட்டவணையைப் படிப்பவருக்கு அதுவரை கிடைக்காத ஒன்று அது. அளப்பவர் இருவராக இருந்தால் வீடுகளை இருவருக்கும் குலுக்கிப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் கை எப்போதும் கூடுதலாகக் காட்டுகிறதா என்பது வெளியே தெரிந்துவிடும். புள்ளியியலாளர் மகாலனோபிஸ் நம் நாட்டுக் கணக்கெடுப்புகளுக்குக் கற்றுக்கொடுத்த முறை இது.


கிங்சர்க்கிள்_மருத்துவர் எழுதியது:

ஒரு நடைமுறைக் குறிப்பு மட்டும். ஒப்புதல் நிலையில் நின்றவர்களை மறுபடி தொடர்புகொள்வதற்கும், நேரில் அளப்பதற்கும் நெறிமுறைக் குழுவிடம் திருத்தம் சமர்ப்பித்து அனுமதி பெற்ற பிறகே இறங்குங்கள். அளவு மிக அதிகமாக இருப்பவரை எந்த மருத்துவமனைக்கு, யார் அழைத்துச் செல்வார்கள் என்பதையும் அந்தத் திருத்தத்திலேயே எழுதிவிடுங்கள். சீட்டில் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டால், அந்த வீட்டில் அடுத்த ஆய்வுக்கு யாரும் கதவு திறக்கமாட்டார்கள்.


தொண்ணூறடிச்சாலை எழுதியது:

அனுமதி கிடைத்ததும் சொல்லுங்கள், தங்கச்சி, தாராவியில் சந்து எண்ணுவதற்கு நான் கூட வருகிறேன். காலையில் பத்து மணிக்கு மேல் வையுங்கள். அப்போதுதான் பெண்கள் ஐந்து நிமிடம் உட்காருவார்கள். இரவு ஷிஃப்ட் ஆண்களுக்கு மாலை ஐந்து மணி. கையோடு மடக்கு நாற்காலி ஒன்றும், பெரிய சுற்றளவுக் கைப்பட்டை ஒன்றும், தமிழிலும் இந்தியிலும் மராட்டியிலும் அச்சிட்ட ஒப்புதல் தாளும் எடுத்து வாருங்கள். உங்கள் வீட்டு அக்காவிடம் மட்டும் அனுமதி வந்த பிறகு நீங்களே போய், அவர் கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில், இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். கணவருக்கும் ஒருமுறை அளந்து பாருங்கள். இரவெல்லாம் விழித்திருப்பவர் அவர்.